பதினாறு நடக்குது

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், மாம்பலம் பாதி தோப்பும் பாதி புது வீடுமாக இருந்த நாளில் நடந்தது இது. நான் மயிலாப்பூரில் ஒரு ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் கிரிக்கெட் பைத்தியம் என்றால் எங்களுக்கு மட்டும் பேஸ்பால் பைத்தியம்.

அந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவர் தேகப்பயிற்சி வகுப்பு நடத்த வந்திருந்த ஓர் அமெரிக்கத் துரை. முதல் வருஷம் எதிர்த்து ஆட ஆளில்லாமல் எங்கள் வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்து ஆடியது. நாலு மூலையிலும் மணல் அடைத்த கோணிப்பைகளைப் போட்டுச் சுற்றிச் சுற்றி ஓடுவோம். போகிறவர்கள் நின்று பார்த்து, "கிட்டிப்புள்ளுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த வருஷம் ராயப்பேட்டை, திருவல்லிக்கேணி, மாம்பலம் என்று ஆளாளுக்குக் கட்சி சேர்த்துவிட்டார்கள். துரை ஒரு கேடயம் வைத்தார். கேடயம் வந்ததும் கூடவே வில்லங்கமும் வந்தது. காலேஜில் படிக்கிற தடியன்கள் பையன்களோடு பையன்களாக வந்து நின்றார்கள். அதனால் துரை ஒரு சட்டம் போட்டார்: பதினாறு வயது நிறைந்தவர்கள் ஆடக்கூடாது.

அந்த வருஷம்தான் அடையாறு கட்சி புதிதாக வந்தது. ஆற்றங்கரைக் குப்பத்துப் பிள்ளைகளை ஓர் இலவசப் பள்ளிக்கூடத்து வாத்தியார் திரட்டிக் கொண்டுவந்திருந்தார். அவர்களுக்குப் பந்தெறிகிறவன் வலை போடுகிறவர் ஒருவரின் மகன். நெட்டையாக, ஒல்லியாக, எப்போதும் சிரித்த முகமாக இருப்பான். அவன் எறிந்த பந்து பிடிக்கிறவன் கையுறையில் போய் விழுந்து சத்தம் கேட்ட பிறகுதான் நாங்கள் மட்டையை வீசுவோம். எங்கே கற்றுக்கொண்டாய் என்று ஒரு நாள் கேட்டேன். "மாங்கா அடிச்சித்தான் அய்ரே, வேற இன்னா?" என்றான்.

கடைசி ஆட்டம் எங்களுக்கும் அடையாறுக்கும். அன்று நன்றாக ஆடுகிறவர்களைப் பொறுக்கி, பட்டணத்துப் பையன்கள் கட்சி என்று ஒன்றை முதல் தடவையாகப் பெங்களூருக்கு அழைத்துப்போவதாகத் துரை சொல்லியிருந்தார். பந்தெறிய ஒருவனுக்குத்தான் இடம். எங்கள் கட்சிக்குப் பந்தெறிகிறவன் நான். அடையாற்றுப் பையனோ பிறந்ததிலிருந்து ரயிலில் ஏறியதே இல்லை. பயிற்சிக்கு வரும்போதெல்லாம் பெங்களூரில் குளிருமாமே, கம்பளி வேண்டுமா என்று என்னைத்தான் துளைத்தெடுப்பான். அவன் போகப்போகிறான் என்பதில் எனக்கே சந்தேகமில்லை.

மாசி மாதத்து ஒரு சனிக்கிழமை, மாம்பலம் மைதானத்தில் நல்ல கூட்டம். ஆட்டம் தொடங்கும் முன் என் கட்சிப் பையன் ஒருவன் என் காதைக் கடித்தான்.

"அவன் மீசையைப் பாத்தியோ? பதினெட்டுக்குக் குறையாதுடா. நீ பாட்டுக்குப் பாத்துண்டு நிக்கறயே, துரைகிட்டப் போய்ச் சொல்லேன்!"

இதற்கே காத்திருந்தவன் போல ஓடிப்போய்ச் சொன்னேன்.

துரைக்குத் தமிழ் வராது. எனக்கு இங்கிலீஷ் சரளமாக வரும் என்பதால் மொழிபெயர்க்கிற உத்தியோகம் எப்போதும் எனக்குத்தான். அடையாறு கட்சியின் வாத்தியாரோ அன்று காய்ச்சலில் படுத்துவிட்டார். துரை அவனைக் கூப்பிட்டு வயது கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"பதினாறு நடக்குது சார்" என்றான்.

நம்மவர்கள் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பதினைந்து முடிந்து பதினாறாவது வருஷம் ஓடுகிறது என்று அர்த்தம். துரையின் கணக்கில் அவனுக்குப் பதினைந்துதான், தாராளமாக ஆடலாம். எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் என் வாயிலிருந்து வந்தது, "சிக்ஸ்டீன், சார்."

துரையின் முகம் வாடிவிட்டது. தவறாகிவிடக் கூடாது, இன்னொரு தடவை கேள் என்றார். நல்ல மனிதர். நான் அவன் பக்கம் திரும்பி, "பதினாறுதானே உனக்கு?" என்று கேட்டேன். "ஆமா அய்ரே, வர்ற ஆடிக்கு முடிஞ்சிடும்" என்று உற்சாகமாகத் தலையை ஆட்டினான். துரைக்கு அந்தத் தலையாட்டல் போதுமாக இருந்தது.

இதில் இன்னொரு வெட்கக்கேடு உண்டு. ஜாதகப்படி பதினாறு நிறைந்து நாலு மாதம் ஆகியிருந்தது எனக்குத்தான். பின்னால் சர்க்கார் உத்தியோகத்துக்கு உதவும் என்று பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதே அப்பா ஒரு வயதைக் குறைத்து எழுதிவைத்திருந்தார்.

ஆடக்கூடாதாம் என்று அவனிடம் நான்தான் சொன்னேன். "இன்னாத்துக்கு?" என்றான். "சட்டம் அப்படி" என்றேன். கையுறையைக் கழற்றி அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு, மைதானத்து ஓரத்தில் போய் உட்கார்ந்தான். ஆட்டம் முடிகிறவரை எழுந்திருக்கவே இல்லை.

நாங்கள் ஜெயித்தோம். பெங்களூருக்கும் நான்தான் போனேன். அங்கே அந்த ஊர்ப் பையன்கள் என் பந்தைத் துவைத்துக் காயப்போட்டார்கள். திரும்பி வரும்போது ரயில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். தோற்றதற்காக அழுகிறேன் என்று நினைத்து எல்லோரும் தேற்றினார்கள்.

ஊர் வந்ததும் துரையிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். ஆடியும் வந்து போயிற்று. இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த வருஷம் போட்டி இன்னும் பெரிதாக நடந்தது. சைதாப்பேட்டையிலிருந்துகூடக் கட்சி வந்தது. அவன் வரவில்லை. அதற்குள் அவனுக்கு வயதும் தாண்டிவிட்டிருந்தது.

பிறகு ஒரு நாள் காலையில் அடையாற்றுப் பாலத்தருகே அவனைப் பார்த்தேன். தோளில் வலையோடு அப்பாவும் பிள்ளையுமாக வந்துகொண்டிருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நழுவப் பார்த்தேன். அவன்தான் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நைனா, நான் சொல்லிக்கினே இருப்பனே, இவருதான்! அன்னிக்கி எனக்காவ தொரகிட்ட இங்கிலீசுல எம்மா நேரம் பேசினாரு தெரியுமா? தொரதான் ஒத்துக்கல."

அவன் அப்பா வலையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் கூப்பினார். "நீ நல்லாருக்கணும் சாமி" என்றார்.

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் நானும் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நேரமாகிறது என்று சொல்லி நடந்துவிட்டேன். அதற்கப்புறம் அவனைப் பார்க்கவே இல்லை. அவனுடைய பெங்களூரைப் பறித்ததைக்கூட அறியாத வயதுப் புத்தி என்று சில நாள் மன்னித்துக்கொள்கிறேன்; அந்தப் பெரியவர் கும்பிட்ட கும்பிடை வாங்கிக்கொண்டு வந்தேனே, அதை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது என்றுதான் இத்தனை வருஷமாகியும் தெரியவில்லை.