கொட்டாவி விடாத ஒட்டகம்

இன்று எங்கள் பாச்சாங் வட்டாரக் கிளினிக்கில் நம்பர் எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் ஒருவர் தன் மகளைப் பள்ளிப் புதிர்ப்போட்டிக்குத் தயார்செய்துகொண்டிருந்தார். கையில் எப்போதோ நின்றுபோன மாத இதழ் ஒன்று, சிரிப்பும் பொது அறிவும் கலந்தது.

எட்டு வருடம் நான் வேலை பார்த்த இதழ்.

"கொட்டாவியே விடாத மிருகம் எது?"

"ஒட்டகம்பா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அச்சுக்கு அனுப்பும் அவசரத்தில், பக்கத்தின் அடியில் இரண்டு வரி காலியாக இருந்ததால் நானாகக் கற்பனை செய்து போட்டது அது.

பிள்ளை மேடையில் தோற்றுவிடக் கூடாதே என்று வாயைத் திறந்தேன். "தம்பி, அது பொய். எழுதினதே நான்தான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இல்லக்கா. இந்தப் புக்குல தப்பா போட மாட்டாங்க லா."

அதோடு விடவில்லை. போனில் தேடிக் காட்டினார். மூன்று இடத்தில் இருந்தது. என் வாக்கியம், ஓர் எழுத்துகூட மாறாமல்.

இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. உங்களில் யாராவது ஒட்டகம் கொட்டாவி விட்டதைப் பார்த்திருக்கிறீர்களா?

நாளைக் காலை ஒன்பது மணிக்குள் சொல்லுங்கள். போட்டி ஒன்பதுக்கு.