மிளகுப் பேணியில் இருந்த கற்பூரம்

பாடமாக்குவது எனக்கு ஒரு வியாதி. யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில், புத்தகத்தில் உள்ளதை உள்ளபடியே ஒப்புவித்தால் கெட்டிக்காரி என்பார்கள். அந்தக் கெட்டித்தனத்தை நம்பி, நாற்பது வயதுக்கு மேல் ஒஸ்லோவில் விஞ்ஞானப் பாடத்தின் வாய்மொழிப் பரீட்சைக்குப் போய் உட்கார்ந்தேன். திண்மத்தில் துணிக்கைகள் நெருக்கமாக இருக்கும், திரவத்தில் வழுக்கி நகரும், வாயுவில் விலகி ஓடும் என்று நோர்வே மொழியில் மூச்சு விடாமல் கொட்டினேன். பரீட்சகர் கையை உயர்த்தி நிறுத்தினார். "சரி, இனி உங்கள் சொந்த வார்த்தையில். உங்கள் வீட்டிலிருந்து ஓர் உதாரணம் சொல்லுங்கள்." என் வீட்டில் துணிக்கைக்கு என்ன வேலை? திண்மத்தில் துணிக்கைகள் என்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். பெயில்.

முதியோர் இல்லத்தில் உதவியாளராக இருக்கிறேன். தாதியர் படிப்புக்கு விண்ணப்பிக்க இந்த ஒரு பாடம்தான் குறை. இரண்டாம் தரமும் கோட்டை விட்டால் இனிப் புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்று வீட்டில் கத்தியிருந்தேன். கத்தினேனே தவிர, ஆசை விட்டபாடில்லை.

பரீட்சைக்கு முந்திய சனிக்கிழமை, நான் படிக்கட்டும் என்று மகள் உருளைக்கிழங்கு சூப் வைத்தாள். பாவம், நல்ல பிள்ளை. ஒரு கரண்டி வாயில் வைத்தேன். நேரே கோயிலுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது.

"என்னடி போட்டனி இதுக்குள்ளை?"

"மிளகு, அம்மா. குசினியிலை முடிஞ்சு போச்சு. சாமி அலுமாரியிலை ஒரு பேணிக்குள்ளை கிடந்தது."

"ஐயோ கடவுளே! அது கற்பூரத்துக்குப் போட்ட மிளகெல்லோ!"

"கற்பூரமோ? அதுக்குள்ளை அப்பிடி ஒண்டும் இல்லை. வெறும் மிளகுதான் கிடந்தது."

கற்பூரம் காற்றோடு போய்விடாமல் இருக்க, கூடவே நாலு மிளகு போட்டுத் தகரப் பேணியில் மூடி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஒஸ்லோவில் நாங்கள் இருக்கும் ஸ்டோவ்னர் பகுதியில் கற்பூரம் கொளுத்துவது லேசான காரியம் இல்லை. குடிவந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை கொளுத்தி, புகை அலாரம் அலறி, மாடிக்கட்டடம் முழுவதும் பனிக்குள் இறங்கி நின்றது. கீழ்வீட்டுக்காரர் வீட்டுச் செருப்போடு நின்ற நிலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். அன்றிலிருந்து கற்பூரம் கொளுத்தாமல் பேணியிலேயே கிடந்தது. கடவுளுக்குத் தனி அறை இல்லாத வீடு. அலுமாரியின் மேல்தட்டில் சாமிப் படங்கள், கீழே என் நல்ல உடுப்புகள்.

எழுந்து போய்ப் பேணியைப் பார்த்தேன். மூடி சரியாகப் பொருந்தவில்லை. கட்டி கட்டியாக நான் போட்டு வைத்த கற்பூரத்தில் ஒரு துகள்கூட இல்லை. அடியில் ஈரமும் இல்லை. யாரும் கொளுத்தவில்லை, உருக்கவில்லை.

"எங்கையடி போனது?"

"என்னைக் கேக்கிறியள்? நாத்தூர்ஃபாக் படிக்கிறது நீங்கள்தானே!"

விஞ்ஞானப் பாடத்துக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லும் பெயரை என் மீதே எறிந்துவிட்டு, அவள் சூப்பைக் கொட்டப் போனாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பேணியை மூக்கருகே பிடித்தபடி நின்றேன். திண்மம் திரவமாகாமலே வாயுவாவது பதங்கமாதல். பள்ளிக்கூடக் காலம் தொட்டு ஒப்புவித்த வரி. அது என் அலுமாரிக்குள்ளேயே நடந்திருக்கிறது! நாங்கள் சண்டை பிடித்தபோதும், தூங்கியபோதும், வேலைக்கு ரயில் பிடிக்க ஓடியபோதும், துணிக்கைகள் ஒவ்வொன்றாகக் கட்டியிலிருந்து கழன்று, மூடியின் இடுக்கால் வெளியேறி, மிளகுக்குள்ளும் சேலை மடிப்புக்குள்ளும் போயிருக்கின்றன. ஒன்றும் அழியவில்லை. இந்த நாட்டில் சாமிக்கு ஒரு கற்பூரம் கொளுத்த முடியவில்லையே என்று எத்தனை நாள் புலம்பியிருப்பேன். அதுவோ நெருப்பே இல்லாமல் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

பரீட்சையன்று வேறொரு பரீட்சகர், நரைத்த தலையுடன் ஓர் அம்மா. உதாரணம் கேட்டார். பழக்கதோஷத்தில் புத்தகத்தின் முதல் வரி வாயில் வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, கற்பூரம் என்றால் என்ன என்பதில் தொடங்கி சூப் கதையைச் சொன்னேன். இலக்கணம் ஆயிரம் பிழை. அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்தக் கற்பூரம் இப்போது எங்கே?"

எந்தப் புத்தகத்திலும் இல்லாத கேள்வி. குனிந்து பார்த்தேன். அன்று காலையில்தான் அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்து எடுத்துப் போட்ட கம்பளிச் சட்டை.

"கொஞ்சம் மிளகில். கொஞ்சம் எங்கள் வீட்டுக் காற்றில்," என்றேன். "கொஞ்சம் இதில்." கையை மேசைக்கு மேலாக நீட்டினேன்.

அவர் தயங்கவில்லை. குனிந்து, என் சட்டைக் கையை முகர்ந்தார். கண்ணை மூடி இன்னொரு தரம் முகர்ந்தார்.

"ஆமாம்," என்றார். "மணக்கிறது."

எங்கள் சாமிக்கு முன்னால் இருந்தது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மாவின் மூச்சுக்குள் போய்க்கொண்டிருந்தது. பாஸ் என்று அவர் சொன்னபோதும், வாயைத் திறந்தபடி நான் அவருடைய மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.