நடுக்கட்டம் தாண்டிய அட்டைகள்

அவளுடைய டிபன் பாக்ஸ் மூடி திறக்கும் சத்தம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. வில்லியனூரைத் தாண்டி, ஒரு கல்யாண மண்டபத்துக்கு எதிர் மாடியில் இருந்தது எங்கள் சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸ். மத்தியானம் அந்தச் சத்தம் கேட்டதும் எல்லோரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் மேஜைக்குப் போய்விடுவார்கள். அவளுக்குக் கிருமாம்பாக்கத்துக்குக் கிழக்கே கடலோரத்தில் வீடு, அப்பாவுக்கு மீன்பிடித் தொழில். வறுத்த மீனும் சுறாப்புட்டும் ஊருக்கே கொண்டுவருவதுபோல் கொண்டுவருவாள். உறுவையாற்றிலிருந்து நான் கட்டிக்கொண்டு போகும் கத்திரிக்காய்ச் சாதத்தை ஒருத்தரும் எட்டிப் பார்த்ததில்லை. இத்தனைக்கும் அவள் வந்து சேர்ந்தபோது வேலை சொல்லிக் கொடுத்தவள் நான். மனசுக்குள் அவளைப் பெயர் சொல்லிக்கூட நினைக்க மாட்டேன். பக்கத்து சீட்டுக்காரி, அவ்வளவுதான்.

பொறாமைதான். வேறு நல்ல பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது? எங்கள் டீமுக்கு லீட் பதவி காலியாகியிருந்தது. நானா அவளா என்று மேனேஜர் யோசித்துக்கொண்டிருந்த நேரம். நான் லீவு போடாமல், லேட்டாக வராமல், ஒரு குறை சொல்ல இடம் வைக்காமல் வேலை பார்த்தேன். அந்த நேரம் பார்த்து அவள் அப்பாவுக்கு இருதயத்தில் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தபடியே முடிந்ததைச் செய்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். பாவம் என்று வாய் சொன்னது. உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

எங்கள் வேலையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு பலகையில் சின்னச் சின்ன அட்டைகளாகத் தெரியும். செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது என்று மூன்று கட்டம். வேலையை எடுத்தவர் அட்டையை நடுக்கட்டத்துக்கு இழுக்க வேண்டும், முடித்ததும் கடைசிக் கட்டத்துக்கு. இடையில் எத்தனை நாள் ஆனது என்று கணக்குப் பார்த்து, ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு புள்ளி வைத்து, நாள் கூடக் கூடப் புள்ளியை மேலே ஏற்றி, அதுவே ஒரு சார்ட் போட்டுவிடும். மாதக் கடைசியில் மேனேஜர் அந்த சார்ட்டைத் திறந்தார். எல்லோருக்கும் புள்ளி இருந்தது. அவள் ஆஸ்பத்திரியில் இருந்த வாரங்களில் அவள் வரிசை மட்டும் துடைத்துவிட்டதுபோல் வெறுமையாகக் கிடந்தது. ஆனால் அவளுக்குக் கொடுத்த வேலையெல்லாம் முடிந்து, வாடிக்கையாளர் கைக்கும் போயிருந்தது. மேனேஜருக்குக் குழப்பம். "நீதாம்மா இதெல்லாம் நோண்டுவ. இன்னான்னு பாத்துச் சொல்லு. இதைப் பாத்துட்டுத்தான் லீட் யாருன்னு முடிவு பண்ணணும்," என்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன்.

அன்றைக்கு நான் துருவிப் பார்த்ததுபோல் எந்த வேலையையும் பார்த்ததில்லை. தேதி தப்பாக வடிகட்டியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. அட்டைகள் அழிந்திருக்கின்றனவா என்று பார்த்தேன், எல்லாம் பத்திரமாக இருந்தன. பிறகு ஒவ்வொரு அட்டையின் வரலாற்றையும் திறந்தேன். ஒன்றுகூட நடுக்கட்டத்தை மிதிக்கவில்லை. முதல் கட்டத்திலிருந்து நேரே கடைசிக் கட்டத்துக்குத் தாவியிருந்தன. தொடங்கிய நாள் இல்லாததால் சார்ட்டுக்குக் கணக்கும் இல்லை, புள்ளியும் இல்லை. சரி, அவசரத்தில் இழுத்திருப்பாள் என்று பார்த்தால், இழுத்த கைகள் அவளுடையவையே இல்லை. ஒன்று டிசைன் பார்க்கிற பெண், ஒன்று டெஸ்டிங் தம்பி, இன்னொன்று மறுபடி டிசைன். என்னைத் தவிர எல்லோரும் இருந்தார்கள்.

சோரியாங்குப்பத்திலிருந்து வருகிற அந்த டெஸ்டிங் தம்பியை மாடிப்படியில் நிறுத்திக் கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான். "இன்னாக்கா பண்றது, நடுவுல இஸ்த்து வுட்டா இஸ்த்தவங்க பேரு தானா வந்து ஏறிக்குது. அந்தக்கா பேருதான் இருக்கணும்னு ஒரே தாவா தாவ வுட்டோம். அவங்க ஊர்ல ஒருத்தரு ஒடம்பு முடியாம வூட்ல கெடந்தா, கடலுக்குப் போனவங்க அவருக்கும் ஒரு பங்கு எடுத்து வெப்பாங்களாம். சாப்புடறப்ப அதுதான் சொல்லிச்சு. அதான் நாங்களும்..."

"என்னை ஏன்டா கூப்பிடல?"

"நீ ரூல் பேசுவியேக்கா," என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். அதுதான் சுருக்கென்று தைத்தது.

அவன் போனதும் என் வரிசையைத் திறந்தேன். முன்பு ஒருமுறை மஞ்சள்காமாலை வந்து நான் படுத்துக் கிடந்த காலத்துப் புள்ளிகள். நான் திரும்பி வரும்வரை என் அட்டைகள் நடுக்கட்டத்திலேயே காய்ந்திருந்தன. அத்தனை புள்ளிகளும் சார்ட்டின் உச்சியில் போய் உட்கார்ந்திருந்தன. ஒருத்தரும் தொட்டிருக்கவில்லை. அவளுடைய காலி இடத்தைப் பார்த்து என் வயிறு எரிந்த எரிச்சலை எழுத்தில் வடிக்க முடியாது.

மேனேஜரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். நல்லெண்ணத்தில் சொல்லவில்லை. வேலை செய்தது அவள் இல்லை என்று தெரியட்டும் என்றுதான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "பாத்தியாம்மா, ஆள் இல்லாதப்பவே அத்தனை பேரும் அந்தப் பொண்ணுக்காக வேலை செஞ்சிருக்காங்கோ. அதைத் தவிர யாரை லீடா போடறது?" அடப்பாவி மனுஷா! அவளுக்குக் குழி என்று நினைத்து நான் காட்டியதே அவளுக்கு நாற்காலியாகிவிட்டது. நடுக்கட்டத்துக்கு இழுத்தாலும் பெயர் மாறாதபடி அந்த அமைப்பைத் திருத்தி வைத்ததும் நான்தான்.

அவள் லீட் ஆன பிறகு, என் மாமியார் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் சில வாரம் ஆபீஸ் போகவில்லை. திரும்பி வந்ததும் ஒருத்தருக்கும் வணக்கம்கூடச் சொல்லாமல் சார்ட்டைத்தான் திறந்தேன். என் வரிசையில் இடைவெளியே இல்லை. நான் இல்லாத நாட்களிலும் புள்ளிகள் ஒழுங்காக, கீழே, வரிசையாக இருந்தன. எனக்கும் ஆள் இருக்கிறது என்று நினைத்தேன். யார் யார் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் அட்டைகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். டிசைன் பெண் இல்லை, டெஸ்டிங் தம்பி இல்லை. எல்லா அட்டையையும் இழுத்தது ஒரே கை. பக்கத்து சீட்டில் தலை நிமிராமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். இதையும் நீதான் செய்ய வேண்டுமாடி என்று மனசு கத்தியது. நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தேன். "மாமி எப்படிக்கா இருக்காங்க?" என்று அவள் முந்திக்கொண்டாள்.