வளைகாப்பு, இரண்டாம் தடவை

என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரி பிரேக்குக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் இருந்தார். எதற்கு எவன் காசு கொடுக்கிறான் என்பது அப்போது எனக்குத் தெளிவாகத் தெரியும். லாரிக்காரன் பிரேக் வாங்குவான், கம்பெனி சம்பளம் கொடுக்கும், நாங்கள் பட்டாபிராமில் வாடகை கட்டுவோம். குழப்பமெல்லாம் அவர் ஃபோனில் வீடியோ சேனல் ஆரம்பித்த பிறகு வந்ததுதான்.

முதலில் முட்டை. ஊரில் எல்லோரும் தட்டு நிறையக் குவித்துத் தின்று வீடியோ போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. இவர் அவித்த முட்டையாக உள்ளே தள்ளினார். வயிறு கெட்டதுதான் மிச்சம். அப்புறம் டான்ஸ். ஸ்டேஷன் பக்கத்தில் இவர் இடுப்பை ஆட்டியதைப் பார்த்த ஆட்டோக்காரர் ஒருவர், "இன்னா அண்ணாத்தே, முதுவு புடிச்சிக்கிச்சா?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டார். ஒன்றை இவர் கற்றுக்கொண்டு முடிப்பதற்குள் ஜனங்கள் அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் நான் முழுகாமல் இருப்பது தெரிந்தது. சொன்னதும் அவர் கண் கலங்கினார், அது உண்மை. கலங்கிய கண்ணோடு, "இன்னொரு தபா சொல்லுமே, வீடியோவ ஆன் பண்ணி ஃபோன வெச்சிர்றேன்" என்றாரே, அதுவும் உண்மை. சொன்னேன். அந்த வீடியோ ஓடு ஓடென்று ஓடியது. விளம்பரப் பணம் முதல் முறையாகக் கையில் வந்தது.

"இத யாரு குடுக்கறது?" என்று கேட்டேன்.

"வெளம்பரம் போடறவன்."

"இன்னாத்துக்கு?"

"நம்ம வீடியோவுக்கு நடுவுல அவன் வெளம்பரத்த சனங்க பாக்கறாங்கல்ல."

"நீ பாக்கறியா?"

"நானா? தள்ளி உட்ருவேன்."

"நானுந்தான் தள்ளி உடறேன். அப்போ ஒர்த்தரும் பாக்காததுக்கு எவனோ துட்டு குடுக்கறான், அத நாம வாங்கி வெச்சிக்கறமா?"

"உனுக்கு அதெல்லாம் புரியாதுமே."

அவருக்கும் புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் மறுவாரம் வேலையை விட்டுவிட்டார். வந்த பணம் வட்ட விளக்காகவும் மைக்காகவும் ஸ்டாண்டாகவும் மாறி, நான் கால் நீட்டிப் படுக்கிற இடத்தைப் பிடித்துக்கொண்டது.

என் வாந்தி, என் மாங்காய், என் கால் வீக்கம் எல்லாமே வீடியோ ஆனது. ஃபோன் ஓடிக்கொண்டிருந்தால் கால் பிடித்துவிடுவார். ஓடாவிட்டாலும் சில நாள் பிடித்துவிடுவார். அதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஒரேயடியாகக் கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். இந்த மனுஷருக்கு வேண்டியது நானும் பிள்ளையுமா, இல்லை ஓடுகிற வீடியோவா? கேட்டால், "இன்னாமே இப்டி கேக்கற" என்பார். அது ஒரு பதிலா?

ஏழாம் மாதம் மொட்டை மாடியில் ஷாமியானா கட்டி வளைகாப்பு நடந்தது. சந்தனம் பூசி, வேப்பிலைக் காப்பு போட்டு, இரண்டு கையும் கொள்ளாமல் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். புளிசாதம் பரிமாறத் தொடங்கியபோதுதான் என் வீட்டுக்காரர் ஃபோனைப் பார்த்தார். அதில் இடம் இல்லாமல் வீடியோ ஆரம்பத்திலேயே நின்றுபோயிருந்தது. தின்ற முட்டையெல்லாம் அழிக்காமல் உள்ளே கிடந்ததாம்.

"வளையல கயட்டிட்டு மொதல்லருந்து போட்ருலாம்" என்றார், முட்டையை அழித்துக்கொண்டே.

மாமியாருக்கு வந்ததே கோபம். "அட பாவி! போட்ட வளையல கயட்டுவாங்களாடா? புள்ள பொறக்கற வரைக்கும் கைல கெடக்கணும்டா!"

என் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவரைப் பார்த்தேன். வேலையை விட்டுவிட்டு நிற்கிற மனுஷரின் முகம் அது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், ஏனோ பாவமாக இருந்தது. சோப்பு போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினேன். வீங்கிய கையில் சிக்கி இரண்டு வளையல் உடைந்தன. ஏன் கழற்றினேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

இரண்டாம் தடவை எல்லோரும் அழகாகச் சிரித்தார்கள். பெரியம்மா அழவில்லை, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஃபோனைப் பார்த்து நின்றார்.

அம்மா என்னைப் பிரசவத்துக்குக் கோவில்பதாகையில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள். அங்கே படுத்துக்கொண்டே என் வளைகாப்பை நான் ஃபோனில் பார்த்தேன். அம்மா என் கன்னத்தில் சந்தனம் வைக்கக் கையை நீட்டுவாள். உடனே ஒருவன் குறுக்கே வந்து தரை டைல்ஸ் விற்பான். அவனைத் தள்ளிவிட்டால் சந்தனம் ஏற்கெனவே வைத்தாகியிருக்கும்.

முதலில் தினமும் வந்து படம் எடுத்தார். அப்புறம் ஜனங்களுக்கு என் வயிறு சலித்துவிட்டது. எல்லோரும் மண்பானையில் ஐஸ்கிரீம் கிண்டத் தொடங்க, இவரும் பானை வாங்கினார். அதை யாரும் பார்க்கவில்லை. பார்ப்பவர்கள் போனதும் விளம்பரமும் போய்விட்டது. இவரும் என்னைப் பார்க்க வரவில்லை. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன்.

ஒரு மத்தியானம் வந்து நின்றார். தோளில் பை இல்லை, ஸ்டாண்டு இல்லை. சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுக்கவேயில்லை. பழைய கம்பெனியில் காண்ட்ராக்டில் சேர்த்துக்கொள்கிறார்களாம், திங்கட்கிழமை போகிறாராம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "எப்டிமே கீற?" என்றார்.

இத்தனை மாதமாக நான் காத்திருந்த கேள்வி. சொல்ல எவ்வளவோ இருந்தது: தூக்கம் வராதது, பிரசவ பயம், அவர் மேல் இருந்த கோபம். வாயைத் திறந்தேன். கை தானாகவே தலைமுடியை ஒதுக்கியது.

"நாங்க ரெண்டு பேருமே சூப்பரா இருக்கோம். உங்க எல்லாரோட அன்புக்கும் ரொம்ப நன்றி" என்றேன், சிரித்த முகமாக.

யாரிடம் பேசுகிறேன் என்று அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார்.