அக்காவின் நோட்டில் என் ரத்தம்

நினைவு மலருக்காக அக்காவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி அக்கா மகன் கேட்டு ஒன்றரை மாதம் ஆகிறது. முதல் வருஷ திதி நெருங்கிவிட்டது, அச்சகத்தில் அவசரப்படுத்துகிறார்கள் என்று தினமும் போன் செய்கிறான். "இன்னா சித்தி, எழுதிட்டியா?" என்பான். "கை வலி நைனா, நாளைக்குத் தரேன்" என்பேன். கை வலியெல்லாம் ஒன்றும் இல்லை. பயம்தான். மூன்று முறை எழுதி மூன்று முறையும் கிழித்துப் போட்டேன். இது நான்காவது.

நேரில் நான் அக்காவை வா, போ என்றுதான் பேசுவேன். அச்சில் வருவதால் மரியாதையாக எழுத வேண்டும் என்று அவன் சொல்லியிருக்கிறான், அப்படியே எழுதுகிறேன். அக்கா இதைக் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

அக்கா பிறந்தது பூந்தமல்லியைத் தாண்டி, நசரத்பேட்டையிலிருந்து உள்ளே போகும் ஒரு சிற்றூரில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். நாங்கள் இரண்டே பெண்கள். அக்காவை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு என்னைப் பத்தாவது வரை படிக்க வைத்தார்கள். "அவளுக்குத்தான் மண்டையில ஏறுது, அவள படிக்க வையி" என்று அக்காவே அம்மாவிடம் சொன்னாராம். அதனால் பிற்காலத்தில் ரேஷன் மனு, பேங்க் சலான் எல்லாம் அக்காவுக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொன்னதும் நான்தான்.

மாமா லாரி ஓட்டினார். அக்கா மகனுக்கு எட்டு வயதாகும்போது விபத்தில் போய்விட்டார். காரியம் முடிந்த மறுவாரமே அக்கா முகப்பேருக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பினார். நான்கு வீடு. காலை ஆறு மணிக்கு பஸ் ஏறினால் திரும்ப நான்கு மணி ஆகும். அந்த வருமானத்தில்தான் மகனை ஐடிஐ படிக்க வைத்தார், அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்கு அனுப்பினார், கல்யாணமும் செய்து வைத்தார். யாரிடமும் கையேந்தியதில்லை. கோபம் வந்தால் தெருவே அதிரும், பத்து நிமிஷத்தில் அதே ஆளைக் கூப்பிட்டு டீ கொடுப்பார். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாத ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு அடுத்த வீடுதான் அக்கா வீடு. நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். எங்கள் இருவருக்கும் ஒரே வருஷத்தில் சர்க்கரை வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் ஆளுக்கொரு நோட்டு போட்டுக் கொடுத்தார்கள். மாதா மாதம் மாத்திரை இலவசம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்க வேண்டும். சர்க்கரையும் பார்ப்பார்கள், கிட்னியில் உப்பு ஏறியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அதுவும் இலவசம்.

இலவசம்தான், ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு போய் வரிசையில் நின்று ஒருமுறை ரத்தம் கொடுக்க வேண்டும். பிறகு சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொருமுறை. முடியும்போது பதினொன்றரை ஆகிவிடும். அக்காவுக்கு அன்றைக்கு நான்கு வீடும் போச்சு. ஒருமுறை அப்படி லீவு போட்டுவிட்டு மறுநாள் போனால், ஒரு வீட்டில் வேறு ஒருத்தி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாளாம். அந்த வீட்டைத் திரும்பப் பிடிக்க அக்கா பட்ட பாடு எனக்குத் தெரியும். சரி, தனியார் லேப்பில் கொடுக்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். டாக்டர் எழுதியது எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு நாள் கூலி வாங்கிக்கொண்டார்கள். "ரெண்டு நாள் குனிஞ்சி நிமிந்தது ஒரு சின்ன டியூபுக்குள்ள பூட்ச்சி பாரு" என்று அக்கா வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார்.

மாத்திரையை மட்டும் இரண்டு நோட்டுக்கும் சேர்த்து நானே வாங்கி வந்துகொண்டிருந்தேன். ஒருநாள் நர்சம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க அக்கா ரத்தம் குடுத்து ஆறு மாசத்துக்கு மேல ஆகுது. அடுத்த வாட்டி அவங்க வந்தாதான் மாத்திரை" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அன்று சாயந்திரம் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்போது நான்தான் சொன்னேன், அக்கா இல்லை, நான்தான்.

"உன் நோட்ட எடுத்துக்கினு நானே போய் ரத்தம் குடுக்கிறேன்க்கா. ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தோம். ஒரே அடுப்புல ஆக்கித் துன்றோம். ஒரே மாத்திரை. உனக்கு வேற மாரியா வந்துடப் போவுது?"

அக்கா தலையிலிருந்து கையை எடுத்தார். "படிச்சவ சொல்ற, சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை என் நோட்டோடு போய் ரத்தம் கொடுத்தேன். அதற்கடுத்த செவ்வாய் அக்காவின் நோட்டோடு போய் அக்கா பெயரைச் சொல்லி உட்கார்ந்தேன். நர்சம்மா கையைப் பிடித்தவர் ஊசியைக் குத்தாமல் நிறுத்தினார். "போன வாரம் வந்தீங்க இல்ல? தழும்பு கீது பாருங்க" என்றார். "அது தங்கச்சிம்மா. நான் அக்கா. இது வேலை செய்யற ஊட்ல அடிபட்டது" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்படியே உரிச்சி வச்சா மாரி கீறீங்க ரெண்டு பேரும்" என்று சிரித்தபடி ஊசியைப் போட்டார்.

முடிவு நார்மல் என்று வந்தது. மாத்திரையும் கிடைத்தது. அக்கா அன்று பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் கால் கிலோ ஜாங்கிரி வாங்கி வந்தார், இருவரும் தின்றோம். இப்படியே ஏறக்குறைய மூன்று வருஷம் ஓடியது. நான் வீட்டில் நேரத்துக்குச் சாப்பிட்டு, மத்தியானம் கொஞ்சம் படுத்து எழுந்திருப்பவள். அக்கா நான்கு வீட்டிலும் நான்கு டீ குடித்துவிட்டு, அவர்கள் கொடுக்கும் மிச்சத்தை மூன்று மணிக்குச் சாப்பிடுபவர். இரவு ஒருவேளைதான் எங்களுக்கு ஒரே அடுப்பு. அந்த வித்தியாசம் பத்தாவது படித்த என் மண்டையில் ஏறவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில் அக்காவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. காலையில் கண்ணுக்குக் கீழேயும் உப்பியிருக்கும். "இந்த வாட்டி நீயே வந்து ரத்தம் குடுக்கா, பயமா கீது" என்றேன்.

"இன்னாத்துக்குடி? போன மாசந்தான நார்மல்னு வந்துது?"

"அது என் ரத்தம்க்கா."

"உனக்கு நார்மல்னா எனக்கும் நார்மல்தான். நீதான சொன்ன?"

இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். சண்டை போட்டிருக்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அக்கா அப்படிச் சொன்னதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. மூன்று வருஷமாக நோட்டில் நார்மல் நார்மல் என்று படித்துப் படித்து, நாங்கள் செய்த திருட்டு வேலையை நாங்களே நம்பத் தொடங்கிவிட்டோம்.

அடுத்த மூன்றாவது மாதம் முகப்பேரில் ஒரு வீட்டில் மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது அக்காவுக்கு மூச்சு வாங்கியது. அந்த வீட்டம்மாவே ஆட்டோ வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கேதான் அக்காவின் கையிலிருந்து அக்காவின் ரத்தத்தை எடுத்தார்கள். இரண்டு கிட்னியும் ஏறக்குறைய நின்றுவிட்டது என்றார்கள். டாக்டர் பழைய நோட்டைப் புரட்டிவிட்டு அக்கா மகனிடம், "நாலு மாசம் முன்னாடி எல்லாமே நார்மல்னு இருக்கே, இது எப்படி?" என்று கேட்டார். அவன் முகம் சிவந்துபோனது. நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அவன் நேராக எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய் அத்தனை பேர் எதிரில் நர்சம்மாவைப் பார்த்துக் கத்திவிட்டான். "இன்னாத்தப் பாத்து நார்மல்னு எழுதின? எங்கம்மா உயிரு உனக்கு வெளாட்டா?" என்று கேட்டானாம். அன்று மாலை அக்காவின் கட்டிலருகே நானும் அக்காவும் மட்டும் இருந்தபோது, "அவனாண்ட சொல்லிடறேன்க்கா" என்று அழுதேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். ஊசி குத்திக் குத்தி அக்காவின் கை கறுத்துப்போயிருந்தது.

"வாயத் தொறந்த, அப்பால நான் உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன். நான் போனா அவனுக்கு நீதாண்டி கீற. உன்னயும் வெறுத்துட்டான்னா எங்கடி போவான்? என் மேல சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். ஏழு வாரம் டயாலிசிஸ் நடந்தது. எட்டாவது வாரம் அக்கா போய்விட்டார்.

அதன்பிறகு நான் அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கிக்கொள்கிறேன். ஒரு வருஷமாக என் ரத்தத்தை யாரும் பார்க்கவில்லை. காலையில் எழுந்ததும் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன், குழி விழுகிறதா என்று. சில நாள் விழுகிற மாதிரி இருக்கும், சில நாள் இருக்காது. யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம் நர்சம்மா என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். அவர் உட்காரவில்லை. நின்றபடியே பேசினார்.

"உங்க அக்கா பையன் மனு குடுக்கப் போறாராம். குடுக்கட்டும், அது பரவால்ல. எனக்கு வேற ஒரு கவலைம்மா. டியூபுல பேர் ஒட்டறப்போ மாத்தி ஒட்டிட்டேனோன்னு தோணிக்கினே கீது. இப்பல்லாம் ஒவ்வொரு டியூபயும் மூணு வாட்டி பாக்கறேன், அப்பவும் நம்பிக்கை வரல. அன்னிக்கு உங்க அக்காகூட நீங்க வந்தீங்களா? பக்கத்துல வேற யாருனா ரத்தம் குடுத்தாங்களா? ஞாபகம் கீதா?"

"தெரியலம்மா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். செய்யாத தப்பைத் தேடித் தேடி அந்த அம்மா அலைந்துகொண்டிருக்கிறார். அவர் தேடுவது என் கையில் இருக்கிறது. மனுவைத் திதி முடிந்ததும் கொடுப்பதாக அக்கா மகன் சொல்லியிருக்கிறான். அவர் வேலைக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் எந்த முகத்தோடு சாவேன்?

அக்கா, உன் மேல் செய்த சத்தியத்தை நான் மீறிவிட்டேன். இதை மட்டும் மரியாதை இல்லாமல் எழுதிக்கொள்கிறேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அக்காவின் கடைசி நாட்களில் உடனிருந்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டியது என் கடமை. ஆட்டோவில் மடியில் படுக்க வைத்துக் கூட்டிப்போன முகப்பேர் அம்மாவுக்கும், டயாலிசிஸ் நாட்களில் முறை வைத்து மாற்றி மாற்றி வந்து துணைக்கு உட்கார்ந்த எங்கள் தெருப் பெண்களுக்கும், ஷிப்ட் மாற்றிக் கொடுத்த அக்கா மகனின் கம்பெனி நண்பர்களுக்கும், கடைசிவரை தோள் கொடுத்த உறவினர்கள் அனைவருக்கும் இரு கை கூப்பி நன்றி சொல்கிறேன். நர்சம்மாவிடம் நன்றி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அம்மா, நீங்கள் ஒட்டியது சரியான பெயர்தான். சொன்னவள்தான் பொய் சொன்னாள்.

நைனா, அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை நீதான் முதலில் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். கிழித்துப் போட்டுவிட்டு வேறு யாரிடமாவது எழுதி வாங்கிக்கொண்டாலும் நான் ஒன்றும் கேட்க மாட்டேன். மனுவை மட்டும் கொடுத்துவிடாதே. திதியன்று நான் வரலாமா வேண்டாமா என்று யார் மூலமாவது சொல்லி அனுப்பு.

இப்படிக்கு,
தங்கை

(சித்தி எழுதியதில் ஓர் எழுத்தும் மாற்றாமல் அச்சிட்டிருக்கிறேன். நர்சம்மாவிடம் அவர் வேலை செய்யும் இடத்திலேயே, நான் கத்திய அதே வரிசையில் எல்லோர் எதிரிலும் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மனுவைக் கொடுக்கவில்லை. திதிக்கு வரச்சொல்லி சித்திக்கு என் மனைவி மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். நான் இன்னும் அவரிடம் பேசவில்லை. — மகன்)