ஒரு தட்டு பச்சை ராஜ்மா

போன வருடம் ஆடி மாதம், பெங்களூரு இந்திரா நகரில் ஒரு பெரிய ஓட்டலுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனைப் பன்னிரண்டு வருடங்களாக ஒப்பந்தத்தில் நடத்துகிறவள் நான். ஒரு ஷிஃப்டுக்கு நானூறு பேருக்குச் சமைக்கிறவளுக்கு ஓட்டல் என்ன புதிதா? ஆனால் அந்த ஓட்டலில் அடுப்பே கிடையாது. பாலும் தயிரும் கிடையாது. எல்லாமே பச்சையாகத்தான்.

தொழிற்சாலைக்குப் புதிதாக வந்திருந்த மேனேஜரம்மா பெங்களூருக்காரர். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் அது. வாரத்தில் ஒரு நாள் இந்த மாதிரி சாப்பாடு போட முடியுமா என்று நானே ருசி பார்த்துச் சொல்ல வேண்டும் என்று தன் காரிலேயே அழைத்துப் போனார். கொதிக்க வைக்காமல் என்ன பெரிய சமையல் என்ற நினைப்போடுதான் உட்கார்ந்தேன்.

அந்த நினைப்பு முதல் தட்டிலேயே போய்விட்டது. முந்திரியை ஊறவைத்து அரைத்து, புளிக்க வைத்துச் செய்த சீஸ். அதில் பால் இல்லை என்று சத்தியம் செய்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அடுத்து, நூல் நூலாகச் சீவிய காயில் இளநீர் வழுக்கையும் பச்சை மாங்காயும் கலந்து வந்தது. சீவிய கையைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

மூன்றாவதாக முளைகட்டிய பயறு. பச்சைப்பயறுக்கு நடுவில் கருஞ்சிவப்பாக, பெரிதாக ஏதோ இருந்தது. ஒன்றை எடுத்து நகத்தால் கிள்ளினேன். ராஜ்மா! முளை விட்டிருந்ததே தவிர, சுத்தப் பச்சை. எதிரே மேனேஜரம்மா ஸ்பூனைத் தூக்கிவிட்டார்.

"மேடம், அத வாயில வெக்காதீங்க!"

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பரிமாறுகிறவர் சிரித்தபடி, எல்லாம் ஆர்கானிக், நன்றாக ஊறவைத்து முளைகட்டியது என்றார். எவ்வளவு ஊறவைத்தாலும் ராஜ்மாவைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது, நன்றாகக் கொதித்தால்தான் அதன் விஷம் போகும் என்றேன். அவர் உள்ளே போய்த் தலைமைச் சமையல்காரரை அழைத்து வந்தார். நரைத்த தாடிக்காரர். கோபப்படாமல், எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார்.

அங்கேதான் சிக்கல். பதில் தெரியும். அதைக் கேட்கக் கூடாத ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

அதற்கு முந்தைய வருடம் எங்கள் கேன்டீனில் ஒரு நாள் ராஜ்மா. அவசரத்தில் சீக்கிரம் இறக்கிவிட்டோம். அசெம்பிளி லைனில் வேலை செய்யும் பெண் ஒருத்தி தட்டோடு வந்து, "அக்கா, உள்ள நறுக்கு நறுக்குன்னு இருக்குது, வேகல" என்றாள். வரிசையில் அத்தனை பேர் முன்னால், "சமைக்கிறவளுக்குத் தெரியாததா? நகரு" என்று விரட்டினேன். இரண்டு மணி நேரத்தில் ஒன்பது பேர் வாந்தி. நல்ல வேளை, சாயங்காலத்துக்குள் எல்லோரும் தேறிவிட்டார்கள். தண்ணீர்த் தொட்டிதான் காரணமாக இருக்கும் என்று எழுதிக் கொடுத்துத் தப்பித்துக்கொண்டேன்.

எங்கோ படித்தேன் என்று சொல்லியிருக்கலாம். அதை நம்பி அவர் எல்லா மேஜையிலிருந்தும் தட்டை எடுப்பாரா? பக்கத்து மேஜையில் பாதித் தட்டு காலியாகிக்கொண்டிருந்தது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன். மேனேஜரம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

அந்த மனிதர் முதலில் பரிமாறுவதை நிறுத்தச் சொன்னார். பிறகு தானே ஒவ்வொரு மேஜையாகப் போய், தப்பு எங்களுடையது என்று சொல்லித் தட்டுகளை எடுத்தார். சாப்பிட்டவர்களிடம் தன் போன் நம்பரைக் கொடுத்து, வயிற்றைப் புரட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு எனக்கும் சொல்லுங்கள் என்றார். யார் ஊறவைத்தது என்று சமையலறைப் பக்கம் திரும்பி ஒரு சத்தம் போடவில்லை. கடைசியில் என்னிடம் வந்து கைகூப்பினார். எனக்குத்தான் கூசியது. அவர் நின்ற அதே இடத்தில்தானே நானும் ஒரு நாள் நின்றேன்!

திரும்பும்போது, ஓசூருக்கு முன்னால் அத்திப்பள்ளியில் மேனேஜரம்மா காரை ஓரமாக நிறுத்தினார். பிறகு, "ஃபைல்ல தண்ணி டேங்க்னுதானே எழுதியிருக்கு?" என்றார்.

"டேங்க்ல ஒண்ணும் இல்லீங்க மேடம். தப்பு என்னுதுதான்."

மூன்று வருடத்துக்குக் கிடைக்க வேண்டிய ஒப்பந்தம் ஆறு மாதத்துக்குத்தான் கிடைத்தது. மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் சாப்பாட்டு வரிசையில் அந்தப் பெண்ணை நிறுத்தி, எல்லோர் முன்னாலும், "அன்னிக்கு நீ சொன்னதுதான் சரி. நான்தான் கேக்கல, மன்னிச்சுக்க" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "தெரியும்க்கா. அதனாலதான் அன்னிக்கு நான் சாப்புடவே இல்ல!"

ஆறு மாதம் முடிந்து ஒப்பந்தத்தை மறுபடி புதுப்பித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் பச்சைக் காய் சாலடும் போடுகிறோம். வரிசை நீளமாகத்தான் நிற்கிறது. என் கைப்பக்குவத்தில் எனக்கு இன்றும் சந்தேகம் கிடையாது. ஆனால், யாராவது தட்டோடு திரும்பி வந்தால், பதில் சொல்வதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டுப் பார்க்கிறேன்.