மோட்டாரைக் கழற்றிய கையெழுத்து

கவரைப்பேட்டையில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளருக்கு ஒரு மச்சான். தண்ணீர் லாரி வைத்திருக்கிறார். "போர் மோட்டார் பூட்ச்சு சார், கழட்டணும்" என்று செயலாளர் ஒருநாள் சங்கத் தலைவரான என்னிடம் தீர்மான நோட்டை நீட்டினார். ஷிஃப்டுக்கு ஓடும் அவசரத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். அதன்பிறகு மூன்று மாதம் மச்சானின் லாரித் தண்ணீர்தான்.

போன மாதம் புதுவாயல் பக்கம் போனபோது பார்த்தால், மச்சானின் தோட்டத்தில் லாரிக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தது எங்கள் மோட்டார். அதில் எழுதியிருந்த சங்கத்தின் பெயரை அழிக்கக்கூட அந்த மகான்களுக்குச் சோம்பல்.

கேட்டதற்கு, "இன்னா சார், நீங்களே சைன் போட்டுட்டு இப்ப வந்து கேட்டுக்கினு இருக்கீங்க?" என்று செயலாளர் இளித்தார்.

இப்போதெல்லாம் நோட்டை வாசல் கேட் அருகே நின்று, எல்லோர் காதிலும் விழும்படி வாசித்த பிறகே கையெழுத்துப் போடுகிறேன். முதலில் வாசித்தது, மோட்டாரை மச்சானுக்கே கொடுப்பதாக எழுதியிருந்த அந்தப் பழைய தீர்மானத்தை. மறுநாளே மோட்டார் திரும்பி வந்தது, அதே மச்சானின் லாரியில்.